கோடிட்ட இடத்தில் பதினெட்டுப் பேர்



சென்ற மாதம் அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. முப்பது ஆண்டுகளாக நம் இதழைப் படிக்கும் பெரியவர், கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அச்சுப்பிழை ஏதாவது கண்ணில் பட்டிருக்கும், திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். விஷயம் வேறு. பேத்தியின் வீட்டுப்பாடம்.

"சார், எட்டாங்கிளாஸ்ல ஒரு தாள் குடுத்திருக்காங்க. உங்கள் வார்டு கவுன்சிலர் யார், எம்.எல்.ஏ. யார், மக்களவை உறுப்பினர் யார்னு வரிசையா கோடு போட்டிருக்கு. அதெல்லாம் அவளே நெரப்பிட்டா. கடைசிக் கோட்டுல 'உங்கள் மாநிலங்களவை உறுப்பினர்'னு இருக்கு. தெருவுல எல்லாரையும் கேட்டாச்சு, ஒருத்தருக்கும் தெரியல. பத்திரிகைக்காரங்களுக்குத் தெரியாமலா போகும்னு உங்களைக் கூப்பிட்டேன்."

"ஐயா, அது ஒரு பேர் இல்லீங்க. பதினெட்டுப் பேர்" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பதினெட்டா? கோடு ரெண்டு அங்குலந்தான சார் இருக்கு!"

சிரித்துவிட்டு வைத்துவிட்டோம். ஆனால் அன்று இரவு ஒரு தாளை எடுத்து, யாரையும் கேட்காமல், எதையும் புரட்டாமல் அந்தப் பதினெட்டுப் பெயர்களையும் எழுதிப் பார்த்தேன். பதினொன்றில் பேனா நின்றுவிட்டது. தினமும் நான்கு நாளிதழ் படிக்கிற ஆளின் லட்சணம் இது. அந்த வெட்கத்தில்தான் இந்த மாதப் பக்கத்தை மாநிலங்களவைக்கு ஒதுக்கிவிட்டேன்.

நாம் வாக்களிக்காத அவை அது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பாதிதான் உண்மை. நாம் வாக்களித்து அனுப்பிய சட்டமன்ற உறுப்பினர்தான் அங்கே போகிறவரைத் தேர்ந்தெடுக்கிறார். அருப்புக்கோட்டைக்காரர் பொத்தானை அழுத்தும்போது சென்னைக்கு ஒருவரை அனுப்புவதோடு, டெல்லிக்குப் போகிற ஆறு பேர்மீதும் ஒரு விரலை வைக்கிறார். அது அவருக்குத் தெரியாமல் நடக்கிறது, அவ்வளவுதான்.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. தமிழகத்துக்குப் பதினெட்டு இடம். பதவிக்காலம் ஆறு ஆண்டு. எல்லோரும் ஒரே நாளில் ஓய்வு பெறுவதில்லை. ஆறு ஆறு பேராக மூன்று தவணையில் போகிறார்கள், வருகிறார்கள். ஆறு இடம் காலியாகும்போது ஆறோடு ஒன்றைக் கூட்டி, 234 என்ற சட்டமன்ற எண்ணிக்கையை ஏழால் வகுப்பார்கள். முப்பத்து மூன்றும் கொஞ்சமும் வரும். ஆக, 34 எம்.எல்.ஏ.க்களின் முதல் விருப்ப வாக்கு கையில் இருந்தால் ஒரு சீட் உறுதி. கூட்டணிப் பேச்சுகளின்போது 'ராஜ்யசபா சீட் ஒன்று' என்று அடிபடுகிறதே, அந்தப் பண்டத்தின் விலை இந்த 34. 2024 மக்களவைத் தேர்தலில் மக்கள் நீதி மய்யம் போட்டியிடாமல் தி.மு.க. கூட்டணிக்கு ஆதரவு தந்தது. அதற்கு ஈடாகச் சொல்லப்பட்ட இடத்தில்தான் 2025-ல் கமல்ஹாசன் மேலவைக்குப் போனார். அந்த முறை ஆறு இடத்துக்குக் களத்தில் நின்றது ஆறே பேர். ஓட்டுப்பெட்டியைத் திறக்க வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. ஜூலை 25 அன்று அவரும் கவிஞர் சல்மாவும் தமிழில் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். ஒரு தமிழ்க் கவிஞர் அங்கே போய் உட்கார்ந்ததில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி உண்டு, அதை மறைக்கவில்லை.

போட்டி வந்துவிட்டால்தான் வேடிக்கை. வாக்குச்சீட்டில் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப எண்களை எழுத வேண்டும். அதுவும் தேர்தல் அதிகாரி கொடுக்கும் ஊதா நிற ஸ்கெட்ச் பேனாவால் மட்டும். சட்டைப்பையில் இருக்கும் சொந்தப் பேனாவை எடுத்தால் வாக்கு போச்சு. 2016-ல் ஹரியாணாவில் வேறு பேனாவின் மை என்று சொல்லிப் பல வாக்குகளைச் செல்லாதவையாக்கினார்கள். வெல்வார் என்று எல்லோரும் நினைத்த வேட்பாளர் தோற்றார். எழுதி முடித்த பிறகு மடித்து நேராகப் பெட்டியில் போட்டுவிடவும் முடியாது. கட்சியின் முகவரிடம் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும். 2003-ல் வந்த திருத்தம் அது. பணத்துக்கு வாக்கை விற்பதைத் தடுக்க ரகசியத்தை எடுத்துவிட்டார்கள். காட்ட வேண்டியவரைத் தவிர வேறு யார் கண்ணில் பட்டாலும் வாக்கு செல்லாது. 2017-ல் குஜராத்தில் இரண்டு பேர் அப்படிக் காட்டிவிட, நள்ளிரவு வரை வழக்காடி அந்த இரண்டு வாக்கும் கழிக்கப்பட்டு, காங்கிரசின் அகமது படேல் 44 வாக்கில் கரையேறினார்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. மாற்றி வாக்களித்த எம்.எல்.ஏ.வைக் கட்சி விலக்கலாம். ஆனால் அந்த ஒரு காரணத்துக்காகக் கட்சித் தாவல் சட்டத்தில் அவர் பதவி பறிபோகாது. 2006-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது.

எனக்கு மிகவும் பிடித்த கதை 2024 பிப்ரவரியில் இமாசலப் பிரதேசத்தில் நடந்தது. ஒரே ஒரு இடம். காங்கிரசின் அபிஷேக் மனு சிங்விக்கு 34, பா.ஜ.க.வின் ஹர்ஷ் மகாஜனுக்கு 34. சமம். சரி, சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றார்கள். ஒரு சீட்டை எடுத்தார்கள். அதில் சிங்வியின் பெயர் இருந்தது. கோயில் குலுக்கலாக இருந்திருந்தால் தேங்காய் உடைத்திருப்பார்கள். ஆனால் யார் பெயர் வருகிறதோ அவர் தோற்றவர் என்று விதியைப் பொருள் கொண்டார்கள்! மகாஜன் எம்.பி. ஆனார். அரசியல் சட்ட வழக்குகளில் பழம் தின்று கொட்டை போட்ட வழக்கறிஞரான சிங்வி, அந்த விதியை எதிர்த்தே நீதிமன்றம் போனார். பிறகு அதே ஆண்டில் தெலங்கானாவிலிருந்து தேர்வாகி அவைக்குள் வந்துவிட்டார் என்பது தனிக் கதை.

சீட்டுக் குலுக்குவது இந்த அவைக்குப் புதிதல்ல. பிறக்கும்போதே அதோடுதான் பிறந்தது. 1952 ஏப்ரல் 3 அன்று அவை அமைந்தபோது உறுப்பினர்கள் 216 பேர். எல்லோரும் ஒரே நாளில் வந்தவர்கள். மூன்றில் ஒரு பங்கினர் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஓய்வு பெற வேண்டுமே, யாரை முதலில் அனுப்புவது? குலுக்கினார்கள். சிலருக்கு இரண்டாண்டு விழுந்தது, சிலருக்கு நான்கு, அதிர்ஷ்டசாலிகளுக்கு ஆறு. 2014-ல் ஆந்திரம் பிரிந்தபோதும் குலுக்கல்தான். ஒன்றுபட்ட ஆந்திரத்துக்கு நம்மைப் போலவே பதினெட்டுப் பேர் இருந்தார்கள். பதினொருவர் ஆந்திரத்துக்கு, எழுவர் தெலங்கானாவுக்கு. யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டு தீர்மானித்தது. தனி மாநிலத்துக்காகப் போராடிய தெலங்கானா ராஷ்டிர சமிதியின் மூத்த தலைவருக்கு ஆந்திரச் சீட்டு விழுந்தது. சிரிப்பதா அழுவதா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பதினெட்டு எப்படி வந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். ஒரு மாநிலத்தின் முதல் ஐம்பது லட்சம் மக்களுக்குப் பத்து லட்சத்துக்கு ஓர் இடம். அதற்கு மேல் இருபது லட்சத்துக்கு ஓர் இடம். ஐம்பதுகளில் இருந்த மக்கள்தொகைக்குப் போட்ட சூத்திரம் அது. அன்றைய உத்தரப் பிரதேசத்துக்கு 34 கிடைத்தது. பின்னர் உத்தராகண்ட் பிரிந்து மூன்றை எடுத்துக்கொண்டு போக, இன்று 31. அதன் பிறகு கங்கையில் எவ்வளவோ தண்ணீர் ஓடிவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி உத்தரப் பிரதேசத்தில் 64 லட்சம் பேருக்கு ஒரு மேலவை உறுப்பினர். தமிழகத்தில் 40 லட்சம் பேருக்கு ஒருவர். சிக்கிமில் ஆறு லட்சம் பேருக்கே ஒருவர். அமெரிக்க செனட்டில்போல மாநிலத்துக்கு இரண்டு என்று சமமாகவும் இல்லை; தலைக்கணக்குப்படியும் இல்லை. தொகுதி மறுவரையறை பற்றி இன்று இவ்வளவு பேசுகிறோம். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்களை அதற்காகத் தண்டிக்காத ஓர் அவை ஏற்கெனவே இருக்கிறது என்பதை அந்தப் பேச்சில் யாரும் சொல்லிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இந்த அவை வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் 1947 ஜூலையில் வாதாடியவர் ஒரு தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர், என். கோபாலசாமி அய்யங்கார். அந்த நேரத்து ஆவேசத்தில் சட்டம் செய்துவிடாமல் கொஞ்சம் ஆறப்போட ஓர் இடம் வேண்டும், அனுபவசாலிகள் நிதானமாகப் பேச ஒரு மன்றம் வேண்டும் என்பது அவர் கட்சி. முன்னேற்றத்துக்கு இது முட்டுக்கட்டை என்று எதிர்த்தவர்களும் இருந்தார்கள். அய்யங்காரே பின்னர் அந்த அவையின் முதல் முன்னவராக உட்கார்ந்தார். அவைத் தலைவராகப் பத்தாண்டு அமர்ந்திருந்தவர் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 'ராஜ்யசபா' என்ற பெயரை 1954 ஆகஸ்டில் அவையில் அறிவித்ததும் அவர்தான். 2025 செப்டம்பரில் அதே நாற்காலியில் அமர்ந்தவரும் இன்னொரு ராதாகிருஷ்ணன், நம் திருப்பூர்க்காரர்.

ஆறப்போடும் அவை ஒருமுறை உண்மையாகவே ஆறப்போட்டது. 1970 செப்டம்பர். மன்னர் மானியத்தை ஒழிக்கும் அரசியல் சட்டத் திருத்தத்தை இந்திரா காந்தி மக்களவையில் பெரும்பான்மையோடு நிறைவேற்றிவிட்டு மேலவைக்கு அனுப்பினார். ஆதரவு 149, எதிர்ப்பு 75. மொத்தம் 224. மூன்றில் இரண்டு பங்கு என்றால் 149-க்கு மேல் ஒரு மூன்றில் ஒரு பங்கு. அந்தத் துண்டு போதாமல் மசோதா விழுந்தது! இன்னும் ஒரே ஒருவர் ஆதரித்திருந்தால் நிறைவேறியிருக்கும். குடியரசுத் தலைவரின் உத்தரவால் மன்னர் பட்டத்தைப் பறித்தார்கள், உச்ச நீதிமன்றம் டிசம்பரில் அதை ரத்து செய்தது, மக்களவை கலைந்தது, தேர்தலில் வென்று வந்து 1971-ல்தான் இந்திரா அதை முடித்தார். மன்னர்களுக்கு மானியம் கொடுப்பது சரியென்று நான் சொல்ல வரவில்லை. மக்களவையில் எவ்வளவு பெரிய பலம் இருந்தாலும் இந்த அவையில் ஒரு தலை குறைந்தால் நடக்காது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. பண மசோதாவைப் பதினான்கு நாளுக்கு மேல் இவர்களால் வைத்திருக்க முடியாது, அரசைக் கவிழ்க்கவும் முடியாது. ஆனால் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டுமானால் இந்தக் கதவைத் தட்டியே ஆக வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள ஒரு பொருளில் நாடாளுமன்றம் சட்டம் செய்ய வேண்டுமென்றால், அதற்கான அனுமதியை மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் தர வேண்டியதும் இந்த அவை ஒன்றுதான். மாநிலங்களின் பெட்டிச் சாவி இவர்களிடம் இருக்கிறது.

அப்படியானால் சாவியை வைத்திருப்பவர் அந்த வீட்டுக்காரராக இருக்க வேண்டாமா?

முன்பு அப்படி ஒரு விதி இருந்தது. எந்த மாநிலத்திலிருந்து தேர்வாகிறாரோ அந்த மாநிலத்தின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அதை எப்படி நிறைவேற்றினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மன்மோகன் சிங் 1991 முதல் 2019 வரை அசாமின் உறுப்பினர். குவாஹாட்டியில் முன்னாள் முதல்வர் ஹிதேஸ்வர் சைகியா குடும்பத்தின் வீட்டில் வாடகைக்கு இருப்பதாக முகவரி. நாட்டின் பிரதமர் பத்தாண்டு ஒரு வாடகைதாரர்! 2003 திருத்தம் அந்தப் பாசாங்கையும் எடுத்துவிட்டது. இந்தியாவில் எந்தத் தொகுதியில் வாக்காளராக இருந்தாலும் போதும். மூத்த பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். அவரும் நியமன உறுப்பினராக அந்த அவையில் இருந்தவர்தான். 2006-ல் தோற்றார். மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் முதலில் ஆந்திரத்திலிருந்தும் பிறகு கர்நாடகத்திலிருந்தும் போனார். ப. சிதம்பரம் 2016-ல் மகாராஷ்டிரத்திலிருந்து போனார். எல். முருகன் மத்தியப் பிரதேசத்திலிருந்து. எந்தக் கட்சியையும் தனியாகக் குறை சொல்ல வழியில்லை.

வழக்கில் நய்யார் தோற்றாலும் வாதத்தில் தோற்றதாக நான் நினைக்கவில்லை. அசாமின் வெள்ளமும் தேயிலையும் தெரிந்தவர் அசாமுக்காகப் பேசுவதும், டெல்லியில் இடம் வேண்டும் என்பதற்காக அசாம் என்று கையெழுத்துப் போடுவதும் ஒன்றாகுமா? நல்லவேளையாக, நம் கட்சிகள் பெரும்பாலும் நம் ஆட்களையே அனுப்புகின்றன. அனுப்பப்படுவது நம் ஆள் என்பதற்கும் நமக்கான ஆள் என்பதற்கும் இடையில் உள்ள தூரம் வேறு விஷயம்.

நம் ஆட்களில் சிலர் அந்த அவையில் பேர் எடுத்தவர்கள். 1962 தேர்தலில் காஞ்சிபுரத்தில் தோற்ற அண்ணா, அதே ஆண்டு மாநிலங்களவைக்குப் போனார். திராவிட நாட்டுக் கோரிக்கையை அங்கே நின்று எடுத்துவைத்தார். ஆட்சிமொழிச் சட்டத்தை எதிர்த்தார். பேசவிட்டுக் கேட்கும் பழக்கம் அப்போது அந்த அவைக்கு இருந்தது. முரசொலி மாறனும் வைகோவும் ஆண்டுக்கணக்கில் அங்கே இருந்தவர்கள். இந்தப் பட்டியலை நீட்டினால் வாசகர்கள் தங்கள் கட்சிக்காரரை விட்டுவிட்டதாகக் கடிதம் எழுதுவீர்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

பன்னிரண்டு நியமன உறுப்பினர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை ஆகியவற்றில் அனுபவம் உள்ளவர்களைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். 1952-ன் முதல் பட்டியலைப் படித்தாலே பெருமூச்சு வரும். சாகிர் உசேன், விஞ்ஞானி சத்யேந்திரநாத் போஸ், நடிகர் பிருத்விராஜ் கபூர், சட்ட மேதை அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர், ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அங்கே நடனத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கவில்லை. விலங்குகளை வதைப்பதைத் தடுக்க ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு வாக்குக் கொடுத்த பிறகுதான் அதைத் திரும்பப் பெற்றார். 1960-ல் சட்டம் வந்தது. 1962-ல் விலங்கு நல வாரியம் அமைந்து அவரே முதல் தலைவரானார். வண்டி மாட்டின் முதுகில் சாட்டை விழுந்தால் கேட்க இன்று ஒரு சட்டம் இருக்கிறதென்றால், அதன் ஆரம்பம் ஒரு நடனக் கலைஞருக்குக் கிடைத்த மேலவை நாற்காலி.

ஆர்.கே. நாராயண் போனார். அவர் பேசியது கொஞ்சம்தான். எண்பதுகளின் இறுதியில் எழுந்து பேசிய அந்த முதல் பேச்சில் இலக்கியத்தைத் தொடவே இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் புத்தகப்பை சுமந்து முதுகு வளைந்து நடக்கிறார்கள் என்று பேசினார். பெரிய மனிதர்கள் பெரிய விஷயம் பேசும் இடத்தில் ஓர் எழுத்தாளர் கவனித்தது ஒரு குழந்தையின் முதுகை. அதன் பிறகு 1992-ல் யஷ்பால் தலைமையில் குழு அமைந்து, பாடச்சுமையைப் பற்றி அறிக்கை தந்தது. பை இன்னும் கனக்கிறது, அது வேறு. சோ வந்தார், எம்.எஸ். சுவாமிநாதன் வந்தார், வைஜயந்திமாலா வந்தார், 2022-ல் இளையராஜா நியமனம் பெற்றார். நியமனம் என்பது பொன்னாடை அல்ல என்று நினைப்பவன் நான். சச்சின் டெண்டுல்கரின் வருகைப் பதிவேட்டைப் பார்த்து நாடே முணுமுணுத்தது. அவர் ஆறாண்டுச் சம்பளத்தையும் படிகளையும் பிரதமர் நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டுப் போனார், பெருந்தன்மைதான். ஆனால் அந்த நாற்காலி கேட்டது பணத்தை அல்லவே, ஆளை அல்லவா?

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருவரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். திருச்சி சிவா. திருநர் உரிமைகளுக்காக அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. தனிநபர் மசோதா என்றால் வெள்ளிக்கிழமை பிற்பகலில், பாதி அவை ஊருக்கு மூட்டை கட்டிவிட்ட நேரத்தில், நாலு பேர் பேசி, அமைச்சர் பதில் சொல்லி, திரும்பப் பெற்றுக்கொள்வதுதான் வழக்கம். நாடாளுமன்றத்தின் ஏதாவது ஓர் அவையில் ஒரு தனிநபர் மசோதா நிறைவேறி 45 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவையே ஒருமனதாக ஆதரித்தது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. அரசு பின்னர் தன் பங்குக்கு வேறொரு மசோதாவைக் கொண்டுவந்து 2019-ல் சட்டமாக்கியது. அதைத் திருநர்களே எதிர்த்தார்கள். இருந்தாலும் 34 எம்.எல்.ஏ. வாக்கில் போன ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதற்கு அந்த வெள்ளிக்கிழமை சாட்சி.

ஒரு மனக்குறையும் உண்டு. மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவை 2010 மார்ச் 9 அன்று 186-க்கு 1 என்று நிறைவேற்றிய அவை இது. மக்களவை அதைத் தொடாமல் வைத்திருந்து 2014-ல் காலாவதியாக்கியது. 2023-ல் மறுபடி வந்தபோதும் இவர்கள் 214 பேரும் ஆதரித்தார்கள், எதிர்ப்பு பூஜ்யம். ஆனால் அந்தச் சட்டம் மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் மட்டும்தான். மாநிலங்களவைக்குக் கிடையாது! மூன்றில் ஒரு பங்கு வேண்டும் என்று அடுத்த வீட்டுக்கு இரண்டு முறை தீர்ப்பு எழுதிய அவை, தன் வீட்டுக்கு எழுதவில்லை. ஆறு பேரை அனுப்பும் ஒவ்வொரு முறையும் இரண்டு பெண்களை அனுப்பக் கட்சிகளுக்குச் சட்டம் எதற்கு? தலைமை ஒரு தாளில் எழுதினால் முடிந்தது.

மீண்டும் அருப்புக்கோட்டைக்கு வருகிறேன். அந்தத் தெருவில் ஒருவருக்கும் பெயர் தெரியாததற்குத் தெருவைக் குறை சொல்ல மாட்டேன். மக்களவை உறுப்பினர் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வருகிறார். வராவிட்டால் அடுத்த தேர்தலில் கேட்போம். மேலவை உறுப்பினருக்கு வரவேண்டிய தெரு எது? அவருக்குத் தொகுதி முழுத் தமிழ்நாடு. எல்லோருக்கும் சொந்தம் என்பதால் யாரும் சொந்தம் கொண்டாடாமல் விட்டுவிட்டோம். ஊர்ப் பொதுக் கிணறு மாதிரி.

ஆனால் சில விஷயங்களை வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. அவர்களுக்கும் ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாய் மேம்பாட்டு நிதி உண்டு. மக்களவை உறுப்பினர் தன் தொகுதியைத்தான் பார்க்க வேண்டும். இவர்கள் தங்கள் மாநிலத்தின் எந்த மாவட்டத்துக்கும் பணிகளைப் பரிந்துரைக்கலாம். நியமன உறுப்பினரென்றால் இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை வேண்டும், நூலகத்துக்குக் கட்டடம் வேண்டும் என்றால் நீங்கள் கேட்கத் தகுந்த கதவு ஒன்றல்ல, பத்தொன்பது. அவையில் கேள்வி கேட்க வைக்கலாம். அங்கே தமிழில் பேசலாம். எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளுக்கும் 2018 முதல் உடனடி மொழிபெயர்ப்பு இருக்கிறது. மொழி தெரியாமல் போனார், பேசாமல் வந்தார் என்ற சாக்கு இனிமேல் செல்லாது.

பெரியவரின் பேத்திக்குப் பதினெட்டுப் பெயர்களையும் வெள்ளைத்தாளில் எழுதி, எந்தக் கட்சி, எந்த ஆண்டில் ஓய்வு என்பதையும் சேர்த்து அனுப்பிவைத்தோம். நான் பதினொன்றில் நின்ற இடத்தை நம் பிழைதிருத்துநர் அம்மாதான் நிரப்பிக் கொடுத்தார். ஒரு பெயரைக்கூட அவர் பார்த்து எழுதவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பெரியவர் மறுபடி அழைத்தார். டீச்சர் அந்தத் தாளை வகுப்புச் சுவரில் ஒட்டிவிட்டாராம்.

வாசகர்களிடம் இந்த மாதம் ஒரு வேண்டுகோள். பதினெட்டுப் பேரில் யாராவது ஒருவருக்கு, உங்கள் ஊர் விஷயம் ஒன்றைப் பற்றி, ஒரு பக்கத்துக்கு மிகாமல் ஒரு கடிதம் எழுதுங்கள். முகவரி எளிது: உறுப்பினர் பெயர், மாநிலங்களவை, நாடாளுமன்ற வளாகம், புது டெல்லி 110001. ஒரு நகலை நமக்கும் அனுப்புங்கள். பதில் வந்தால் அதையும் அனுப்புங்கள். உங்கள் கடிதத்துக்குப் பக்கத்திலேயே வெளியிடுவோம். மூன்று மாதத்தில் பதில் வராவிட்டால், கடிதத்தை மட்டும் வெளியிட்டு, பக்கத்தில் ஒரு கோடு போட்டு வைப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்